ஜேசனை எங்கே நிறுத்துவது?

(கணினி அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2020 மே 6-ஆம் தேதி, அமெரிக்காவில் மாலை நேரம். ஐபோன் வைத்திருந்தவர்கள் ஸ்பாட்டிஃபையைத் தொட்டார்கள். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. டிக்டாக்கும் அப்படியே, பின்ட்ரெஸ்டும் டிண்டரும் அப்படியே. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிறுவனங்களின் ஆப்கள் ஒரே நேரத்தில் எப்படி விழும்? அவை எல்லாவற்றுக்குள்ளும் ஃபேஸ்புக்கின் எஸ்டிகே, அதாவது பிறர் தங்கள் ஆப்களில் சேர்த்துக்கொள்ளத் தரும் நிரல் தொகுப்பு, இருந்தது. ஆப் தொடங்கும்போதே அந்த எஸ்டிகே ஃபேஸ்புக் சர்வரிடம் சில அமைப்புகளைக் கேட்டு வாங்கும். அன்று வந்த பதிலில், டிக்‌ஷனரி இருக்க வேண்டிய ஓர் இடத்தில் வெறும் பூலியன், அதாவது ‘ஆம், இல்லை’ வகை மதிப்பு, உட்கார்ந்திருந்தது. கிராஷ் பதிவுகளைப் பிரித்துப் பார்த்த டெவலப்பர்கள் கண்டது இதுதான். எஸ்டிகே அதை டிக்‌ஷனரி என்றே நம்பி, ‘உன்னிடம் இந்தக் கீ இருக்கிறதா’ என்று கேட்டது. பூலியனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆப் விழுந்தது.

ஃபேஸ்புக் கணக்கே இல்லாதவர்களின் போனிலும் விழுந்தது. சர்வர் பக்கம் சரிசெய்ததும் எல்லாம் எழுந்துகொண்டன. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 10-ஆம் தேதி, அதே எஸ்டிகேயால் இன்னொரு முறை வரிசையாக விழுந்தன.

நம் ஆப்புக்குள் நாம் எழுதிய நிரல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், வெளியிலிருந்து வரும் தரவின் வடிவம் நம் கையில் இல்லை. அந்தத் தரவு பெரும்பாலும் டிக்‌ஷனரியாகத்தான் உள்ளே வருகிறது. உள்ளே வந்த பிறகு அதை எவ்வளவு தூரம் டிக்‌ஷனரியாகவே நடமாட விடுவது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் டிக்‌ஷனரி. ஸ்விஃப்டிலும் ஆப்ஜெக்டிவ்-சியிலும் இந்தப் பெயர். ஜாவா, காட்லின், டார்ட் எழுதுகிறவர்கள் மேப் என்பார்கள். கீ ஒன்று கொடுத்தால் அதற்குரிய மதிப்பு திரும்ப வரும், அவ்வளவுதான். பத்து லட்சம் கீ இருந்தாலும் தேடும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. கோயில் வாசலில் செருப்புக் காப்பவரிடம் டோக்கனை நீட்டினால், அவர் எல்லாச் செருப்பையும் புரட்டிப் பார்ப்பதில்லை. எண்ணைப் பார்த்து நேரே அந்த அறைக்குக் கை போகும். டிக்‌ஷனரியில் டோக்கன் எண்ணை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கீயின் எழுத்துகளையே கணக்குப் போட்டு அறை எண்ணை வரவழைக்கிறோம். ஹேஷ் என்பது அந்தக் கணக்கு.

இந்த யோசனையை ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 ஜனவரியில் ஓர் உள்அலுவலகக் குறிப்பில் எழுதினார். உங்கள் போனில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணின் கடைசி இலக்கம் சரிதானா என்று பார்ப்பதும் அவர் கண்ட கணக்குதான். கிரெடிட் கார்டு எண்ணுக்கும் அதுவே.

கணக்குப் போட்டு அறை ஒதுக்கும் இடத்தில் வரிசை என்பது கிடையாது. இதை எத்தனை முறை சொன்னாலும் மாணவர்கள் கேட்பதில்லை. ‘சார், என் போனில் சரியான வரிசையில்தான் வருகிறது’ என்பார்கள். வரும். நாலு கீ இருக்கும்வரை தற்செயலாக வரலாம், அல்லது டார்ட் போல, சேர்த்த வரிசையைக் காப்பாற்றும் மொழியாக இருந்தால் வரும். ஸ்விஃப்ட் 4.2-இல், 2018-இல், ஒரு மாற்றம் செய்தார்கள். ஆப் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஹேஷ் கணக்கில் ஒரு தற்செயல் எண் கலந்துவிடும். காலையில் ஒரு வரிசை, மாலையில் இன்னொன்று. டிக்‌ஷனரியைச் சுற்றி வந்து திரையில் பட்டியல் காட்டிய ஆப்களெல்லாம் அன்று குலுங்கின.

அப்படி ஏன் செய்தார்கள் என்றால், 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியன் வெல்டே என்ற இருவர் ஒரு தாக்குதலை விளக்கிக் காட்டினார்கள். எல்லாக் கீயும் ஒரே அறைக்குப் போகும்படி தேர்ந்தெடுத்துச் சர்வருக்கு அனுப்பினால், நொடியில் முடியும் வேலை நிமிடக்கணக்கில் இழுக்கும். சர்வர் மூச்சுத் திணறும். பிஎச்பி, ஜாவா, பைத்தான், ரூபி எல்லாம் அதில் மாட்டின. அதன் பிறகுதான் கணக்கை யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்ற எண்ணம் மொழிகளை உருவாக்குகிறவர்களிடம் பரவியது. வரிசை வேண்டுமென்றால் அர்ரே வைத்துக்கொள்ளுங்கள். டிக்‌ஷனரியிடம் கேட்காதீர்கள்.

அடுத்து, சர்வரிலிருந்து தரவு வழக்கமாக வந்து சேரும் எழுத்து வடிவமான ஜேசன். டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2001 வாக்கில் இதற்கு உருவம் கொடுத்தார். தான் கண்டுபிடிக்கவில்லை, ஜாவாஸ்கிரிப்டுக்குள் ஏற்கெனவே கிடந்ததை அடையாளம் கண்டேன் என்பதுதான் அவர் கட்சி. அதில் ஸ்ட்ரிங் உண்டு, எண் உண்டு, உண்மை–பொய் உண்டு, ‘மதிப்பு இல்லை’ என்று சொல்லும் நல் உண்டு, பட்டியல் உண்டு, கீயும் மதிப்புமாக ஆப்ஜெக்ட் உண்டு. வேறொன்றும் இல்லை. தேதி இல்லை. பணம் இல்லை. முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் வேறுபாடு இல்லை. இந்த எளிமையால்தான் எக்ஸ்எம்எல்லை ஓரம் கட்டியது. நம்முடைய துன்பங்களில் பாதிக்கும் இதுவே காரணம்.

2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தபோது ஐபோனில் ஜேசன் படிக்க ஆப்பிள் எந்த வசதியும் தரவில்லை. ஆளுக்கொரு திறந்த மூல நூலகத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். 2011-இல், ஐஓஎஸ் 5-இல்தான், ஜேசனைக் கொடுத்தால் டிக்‌ஷனரியாகப் பிரித்துத் தரும் வகுப்பு வந்தது. ஆண்ட்ராய்டில் முதல் பதிப்பிலிருந்தே ஒன்று உண்டு. இரண்டிலும் பழக்கம் ஒன்றாகவே அமைந்தது. சர்வரிலிருந்து வந்த பதிலைப் பிரித்து, டிக்‌ஷனரியாக்கி, அப்படியே ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குக் கையளிப்பது. எங்கே எது தேவையோ அங்கே கீயைச் சொல்லி எடுத்துக்கொள்வது. சீக்கிரம் வேலை முடியும். கல்லூரி புராஜெக்ட் டெமோவுக்கு இதுவே போதும். பிறகுதான் சிக்கல்.

எந்தச் சிக்கல் என்பதைப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு வானிலை ஆப்பை எடுத்துக்கொள்வோம். ஃபிளட்டரில், அதாவது டார்ட் மொழியில், எழுதியது. வெப்பநிலை என்ற கீயில் 31.4 வந்தது, அதை டபுள் என்று குறித்து எடுத்துவிட்டீர்கள். ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது. ஒருநாள் வெப்பநிலை சரியாக 31. ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சர்வர் அதை 31.0 என்று அனுப்பாது, 31 என்றே அனுப்பும். டார்ட் அதை முழு எண்ணாகப் பிரிக்கும். ‘முழு எண், டபுளின் துணைவகை இல்லை’ என்ற பிழையோடு ஆப் விழும். வெயில் புள்ளி பிசகாமல் ஒரு டிகிரியில் வந்து நிற்கும் நேரத்தில் மட்டும் விழும் ஆப்! அதே நிரலை பிரவுசரில் ஓட்டிச் சோதித்தால் பிழை தலைகாட்டவே காட்டாது. ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்பட்ட டார்ட்டில் இரண்டு வகை எண்ணும் ஒன்றுதான். முதலில் பொதுவான எண் வகையாக எடுத்து, பிறகு டபுளாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு சொல் வேலை. ஆனால் அந்தக் கீயை ஆப்பில் பதினைந்து இடத்தில் எடுத்திருந்தால், பதினைந்து இடத்திலும் அந்தச் சொல் வேண்டும். பதினாலில் போட்டுவிட்டு ஒன்றை விட்டுவிடுவோம். அது மனித இயல்பு.

மழை என்ற கீயை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யாத நேரத்தில் பல வானிலை சர்வர்கள் ‘மழை பூஜ்யம்’ என்று சொல்வதில்லை. அந்தக் கீயையே அனுப்புவதில்லை. கோடையில் எழுதி முடித்த ஆப், மழை வந்த பிறகுதான் அந்தக் கீயை முதல்முறையாகப் பார்க்கும்.

இல்லாமை ஜேசனில் பல வேடத்தில் வரும். கீயே இல்லாமல் போகலாம். கீ இருந்து, நல் வரலாம். வெற்று ஸ்ட்ரிங் வரலாம். நல் என்ற சொல்லே நாலு ஆங்கில எழுத்தாக மேற்கோள் குறிக்குள் வரலாம். சர்வர் பக்கத்தில் யாரோ செய்த வேலை அது. இவற்றை ஒன்றென்று எடுத்துக்கொள்வதா, வெவ்வேறென்றா? ‘தொலைபேசி எண் தெரியாது’ என்பதும் ‘தொலைபேசி எண்ணை நீக்கிவிட்டார்’ என்பதும் ஒன்றில்லை.

ஆப்ஜெக்டிவ்-சியில் இது ஒரு விசித்திரமாகவே ஆனது. அந்த மொழியில் ஒன்றுமில்லாத பொருளுக்கு என்ன கட்டளை கொடுத்தாலும் சத்தமில்லாமல் விட்டுவிடும், விழாது. ஆனால் டிக்‌ஷனரிக்குள் ஒன்றுமில்லாததை வைக்க முடியாது. எனவே ஜேசனில் நல் வந்த இடத்தில் என்எஸ்நல் என்றொரு பொருளை வைப்பார்கள். அது பொருள், இருக்கிறது. அதனிடம் ‘உன் நீளம் என்ன’ என்று கேட்டால் விழும். பத்தாண்டுக்கு முன் ஐபோன் ஆப் எழுதிய யாரிடமும் கேளுங்கள். ‘என்எஸ்நல்லுக்கு லெங்த் தெரியாது’ என்ற கிராஷ் வரியை மனப்பாடமாகச் சொல்வார். ஆண்ட்ராய்டில் வேறு விதம். அங்குள்ள ஜேசன் வகுப்பில் ‘இருந்தால் ஸ்ட்ரிங்காகக் கொடு’ என்று கேட்கும் முறை ஒன்று உண்டு. மதிப்பு நல்லாக இருந்தால் அது நல் என்ற நாலெழுத்துச் சொல்லையே ஸ்ட்ரிங்காகத் தரும். விழாது, அதனால் யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த நாலெழுத்து வந்து நின்று வணக்கம் சொல்லும் ஆப்கள் இன்றும் கிடைக்கின்றன. இரண்டில் எது மேல்? என்னைக் கேட்டால் விழுவதே மேல். விழுந்தால் பதிவு வரும்.

பெரிய எண்களிலும் இதே கதை. ஜேசன் எண்ணின் அளவுக்கு எல்லை வைக்கவில்லை. படிக்கிற மொழிக்குத்தான் எல்லை. ஜாவாஸ்கிரிப்ட் 9,007,199,254,740,991 வரைக்கும்தான் முழு எண்ணைப் பிசகாமல் காக்கும். ட்விட்டர் 2010-இல் 64 பிட் அளவுள்ள அடையாள எண்களுக்கு மாறியபோது, பிரவுசரில் படித்தவர்களுக்குக் கடைசி இலக்கங்கள் மாறிப்போகும் நிலை வந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் அதே எண்ணை ஸ்ட்ரிங்காகவும் தனிக் கீயில் அனுப்பத் தொடங்கினார்கள். அடையாள எண்ணைக் கூட்டப் போகிறோமா, பெருக்கப் போகிறோமா? இல்லையே. அப்படியானால் அது எண் இல்லை, எழுத்துகள். சென்னையின் 044-ஐ எண்ணாக அனுப்பினால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய் 44 ஆகிவிடும்.

தேதிக்கு வகையே இல்லாததால் ஆளுக்கொரு மாதிரி அனுப்புவார்கள். 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய நொடிகளாக ஒருவர், மில்லிநொடிகளாக இன்னொருவர். நொடியை மில்லிநொடி என்று படித்தால் எல்லா நிகழ்ச்சியும் 1970 ஜனவரியில் நடந்ததாகத் திரையில் வரும். ஸ்விஃப்டின் ஜேசன் டிகோடருக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது 2001 ஜனவரி 1-லிருந்து எண்ணும். எல்லாம் 31 ஆண்டு தள்ளிப்போகும். 2024-இல் எடுத்த டிக்கெட் 2055 என்று காட்டினால் உடனே புரிந்துகொள்ளுங்கள், இதுதான் காரணம்.

தமிழ் விக்சனரியை வைத்து ஆப் செய்ய ஆசைப்படும் மாணவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல ஆசை. அந்தத் தளத்தின் பின்னால் ஓடும் மீடியாவிக்கி மென்பொருளின் ஏபிஐ, நான் சொல்ல வரும் விஷயத்துக்குக் கச்சிதமான பாடம். அதன் பழைய வடிவத்தில் பக்கங்கள் என்ற கீக்குள் பட்டியல் வராது, டிக்‌ஷனரி வரும். அதன் கீ ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தின் அடையாள எண். இல்லாத பக்கத்தைக் கேட்டால் கீ, கழித்தல் ஒன்று! பக்கத்தின் உரை இருக்கும் கீயின் பெயர் வெறும் நட்சத்திரக் குறி. உண்மை என்பதை வெற்று ஸ்ட்ரிங்காகவும், பொய் என்பதைக் கீயே இல்லாததாகவும் சொல்லும். இவ்வளவும் முதல் வடிவத்தில். ஃபார்மட்வெர்ஷன் 2 என்று கேட்டு வாங்கினால் ஒழுங்கான பட்டியலும் ஒழுங்கான பூலியனும் வரும். ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். கேட்காவிட்டால் பழையதுதான்.

மீடியாவிக்கி எழுதப்பட்டிருப்பது பிஎச்பியில். பிஎச்பிக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே பட்டியலும் டிக்‌ஷனரியும் ஒரே வகை. உள்ளே ஏதாவது இருந்தால் கீயைப் பார்த்து எது என்று தீர்மானிக்கும். காலியாக இருந்தால்? பட்டியல் என்று எழுதிவிடும். ஆகவே டிக்‌ஷனரி வரும் இடத்தில், உள்ளே ஒன்றும் இல்லாத நாளில் மட்டும், அர்ரே வந்து நிற்கும். பிஎச்பி சர்வரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் இந்தப் பள்ளத்தில் ஒருமுறையாவது கால் வைத்திருப்பார்கள்.

இத்தனையும் சொன்னது பயமுறுத்த இல்லை. நான் வைத்திருக்கும் ஒரே ஒரு அளவுகோலைச் சொல்வதற்கு. கீ எது என்று நிரல் எழுதும்போதே உங்களுக்குத் தெரியுமா? தெரியுமென்றால் அங்கே டிக்‌ஷனரி வேண்டாம். வெப்பநிலை, ஈரப்பதம், ஊர்ப்பெயர் எல்லாம் முன்பே தெரிந்த பெயர்கள். அவற்றை ஒரு ஸ்ட்ரக்டாக, டேட்டா கிளாஸாக எழுதுங்கள். பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால் கம்பைலர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். டிக்‌ஷனரியில் தப்பான கீ அடித்தால் நல் வரும், நீங்களோ சர்வரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மறுபக்கம், கீ ஓடும்போதுதான் தெரியவரும் என்றால் அங்கே டிக்‌ஷனரிதான் சரி. அஞ்சல் குறியீட்டுக்கு ஊர், சொல்லுக்குப் பொருள், படத்தின் முகவரிக்குப் படம். பயனர் எதைக் கேட்பார் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது.

ஜேசனின் ஆப்ஜெக்ட், இந்த இரண்டுக்கும் ஒரே அடைப்புக்குறியைத் தருகிறது. பிரித்துக் கொடுக்கும் நூலகமும் இரண்டையும் ஒரே மாதிரி டிக்‌ஷனரியாக்கித் தருகிறது. நெட்வொர்க்கிலிருந்து ஆப்புக்குள் நுழையும் அந்த ஒரே இடத்தில் இரண்டையும் பிரித்து, சோதித்து, வகை கொடுத்து உள்ளே அனுப்ப வேண்டும். ஜேசன் அங்கேயே நின்றுவிட வேண்டும். நல்லா, வெற்று ஸ்ட்ரிங்கா, 31-ஆ, 31.0-வா என்ற கேள்வியெல்லாம் அங்கே ஒருமுறை கேட்டால் முடிந்தது. திரை வரையும் நிரலுக்கு ஜேசன் என்ற ஒன்று இருப்பதே தெரியக் கூடாது.

இதற்கு இப்போது கருவிகள் உண்டு. ஸ்விஃப்ட் 4-இல், 2017-இல், கோடபிள் வந்தது. அதற்கு முன் மூன்று ஆண்டு, ஸ்விஃப்டில் ஜேசன் படிப்பது ஒரு தவம்; இஃப்லெட் மேல் இஃப்லெட்டாக அடுக்கி, நிரல் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். காட்லினில் காட்லின்எக்ஸ் சீரியலைசேஷன், மோஷி இருக்கின்றன. ஜீசனும் இருக்கிறது, பழைய ஆண்ட்ராய்டு ஆப்களில் அதுதான் அதிகம். காட்லினோடு அதைச் சேர்க்கும்போது கவனம். ‘இது ஒருபோதும் நல்லாக இருக்காது’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் ஜீசன் சத்தமில்லாமல் நல்லை வைத்துவிடும்; காட்லினின் காவல் அதற்குத் தெரியாது. இன்னொரு வலியும் உண்டு. வெளியீட்டுக்கான பில்டில் ஆர்8 என்ற சுருக்கும் கருவி உங்கள் மாறிகளின் பெயரையெல்லாம் ஓரெழுத்தாகச் சுருக்கிவிடும். பெயரை வைத்துக் கீயைத் தேடும் ஜீசனுக்கு எதுவும் கிடைக்காது. டெபக் பில்டில் எல்லாம் ஜோராக இருக்கும், பிளே ஸ்டோருக்குப் போன ஆப்பில் எல்லாம் காலி. கீயின் பெயரை ஒவ்வொரு மாறிக்கும் வெளிப்படையாக எழுதி வைத்தால் தப்பிக்கலாம்.

எவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்பதில் நண்பர்களோடு எனக்குச் சண்டை உண்டு. கோடபிள் கண்டிப்பானது. ஐம்பது செய்திகள் உள்ள பட்டியலில் முப்பத்தேழாவதில் ஒரு கீ இல்லையென்றால் பட்டியல் முழுவதையும் தள்ளிவிடும். வாசகருக்கு வெற்றுத் திரை. செய்தி ஆப்பில் இது அநியாயம். கெட்ட ஒன்றைத் தூக்கிப்போட்டுவிட்டு நாற்பத்தொன்பதைக் காட்டுவதுதான் முறை. தூக்கிப்போட்டதை எங்கேயாவது பதிந்து வைக்க வேண்டும். வங்கி ஆப்பில் நேர்மாறு. ஐம்பது வரவு செலவில் ஒன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதியைக் காட்டினால் அது பொய்க்கணக்கு. அங்கே வெற்றுத் திரையே நாணயம். நூலகம் இதைத் தீர்மானிக்க முடியாது. நாம்தான்.

இதுவரை சொன்னது எந்த மொழி பேசுகிறவருக்கும் பொருந்தும். தமிழைக் கீயாக வைப்பவர்களுக்கு மட்டும் சில விஷயங்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட டுடோரியல்களில் இவை வராது.

‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரமும் ஒகரக் குறியும் ஆக இரண்டு குறியீடு. அல்லது ககரம், எகரக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஸ்விஃப்டின் ஸ்ட்ரிங் அந்த விதியை மதிக்கிறது. எந்த வடிவில் கேட்டாலும் ‘கொடி’ கிடைக்கும். ஜாவாவும் காட்லினும் மதிப்பதில்லை. குறியீடு குறியீடாகத்தான் ஒப்பிடும். ஆகவே அங்கே ‘கொடி’ இரண்டு கீ. ஐபோனில் ஓடும் தேடல் ஆண்ட்ராய்டில் ஓடாது. தரவு ஒன்றே, நிரலும் ஏறக்குறைய ஒன்றே. ஆப்பிளுக்குள்ளேயே கூட ஒற்றுமை இல்லை. பழைய என்எஸ்ஸ்ட்ரிங் ஜாவா கட்சி. என்எஸ்டிக்‌ஷனரியில் இரண்டு கீயாக இருந்தவை, ஸ்விஃப்ட் டிக்‌ஷனரியாக மாறும்போது மோதிக்கொள்ளக்கூடும் என்று ஸ்விஃப்டின் மூல நிரலிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். மருந்து எளிது. உள்ளே வரும் கீயையும், பயனர் தட்டும் சொல்லையும், இரண்டையும் என்எஃப்சி என்ற யூனிகோடு சீர்வடிவுக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

என்எஃப்சிக்கும் எட்டாத நோய்கள் உண்டு. ஸ்ரீரங்கத்தைத் தேடுங்கள். முதல் எழுத்தை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், ‘ஶ’ என்ற எழுத்தை வைத்தும் எழுதலாம். அந்த ‘ஶ’ யூனிகோடுக்குள் 2005-இல், 4.1 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் அடித்தவையெல்லாம் ஸகரத்தில். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஆனால் விதிப்படி சமம் இல்லை, எனவே எந்த மொழியும் சேர்த்துப் பார்க்காது. ஔவையார் பாடு இன்னும் மோசம். ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டியிருப்பார்கள். வலையிலிருந்து எடுத்த தரவில் இது ஏராளம். பிறகு, கண்ணுக்கே தெரியாத இணைப்பு நீக்கி. நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கும் டிக்‌ஷனரி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். க்-ஐயும் ஷ-வையும் ஒட்டவிடாமல் காட்ட நடுவே அகலமில்லாத ஒரு குறியீட்டைப் போடுவது வழக்கம். சிலர் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். கீயாக வைத்தால் இரண்டும் வேறு.

இவற்றுக்கெல்லாம் நீங்களே ஒரு சிறு மாற்று அட்டவணை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். அட்டவணையால் மாற்றியதைக் கீயாக மட்டும் வையுங்கள். திரையில் காட்டும் சொல்லைத் தொடாதீர்கள். மூல ஆசிரியர் எழுதியபடி அது மதிப்புக்குள் பத்திரமாக இருக்கட்டும்.

அகரவரிசையும் அப்படித்தான். கீகளை எடுத்து மொழி தரும் சாதாரண வரிசைப்படுத்தலைக் கூப்பிட்டால் யூனிகோடு எண்ணின்படி வரும். அதில் னகரம் பகரத்துக்கு முன்னால் போய்விடும். றகரம் லகரத்துக்கு முன்னால். வகரம் ழகரத்துக்கும் பின்னால். மெய் முன்னே, உயிர்மெய் பின்னே என்பது நம் அகராதி வழக்கு. ‘பக்கம்’ முதலில், ‘பகல்’ அப்புறம். எண்ணின்படி போனால் தலைகீழ். போனுக்குள்ளேயே தமிழ் வரிசை விதி இருக்கிறது, ஆனால் ‘தமிழ்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். போனின் மொழியை வைத்துத் தீர்மானிக்க விட்டால், நம் ஊரில் பெரும்பாலான போன்களில் அது ஆங்கிலம்.

கடைசியாக, ஏபிஐயே இல்லாத தளங்கள். எச்டிஎம்எல் பக்கத்தை வாங்கி, உள்ளிருக்கும் அட்டவணையைப் பிய்த்தெடுத்து டிக்‌ஷனரியாக்குவது. ஜாவாவில் ஜேசூப், பைத்தானில் பியூட்டிஃபுல் சூப் என்று அருமையான கருவிகள் உண்டு. ரெகுலர் எக்ஸ்பிரஷனால் மட்டும் செய்யாதீர்கள். அந்தத் தளத்தின் ரோபாட்ஸ் கோப்பு எதைத் தொடாதே என்கிறதோ அதைத் தொட வேண்டாம். தொழில்நுட்பமாக நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அந்தப் பிய்த்தெடுக்கும் நிரலை ஆப்புக்குள் வைக்காதீர்கள். தளக்காரர் ஒருநாள் ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகச் சேர்ப்பார். அவருக்கு உங்களைத் தெரியாது. அன்று உங்கள் ஆப் எல்லோர் கையிலும் ஒரே நேரத்தில் கெடும். திருத்தி ஸ்டோருக்கு அனுப்பி, அவர்கள் பார்த்து, பயனர் அப்டேட் செய்து… சிலர் ஒரு வருடத்துக்கும் செய்யமாட்டார்கள். ஒரு சின்ன சர்வரில் வையுங்கள். அது பக்கத்தைப் பிரித்து, நீங்கள் தீர்மானித்த வடிவத்தில் ஜேசனாக ஆப்புக்குக் கொடுக்கட்டும். தளம் மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும்.

ஆய்வகத்தில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. சர்வரின் உண்மையான பதில் ஒன்றைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கீயாக நீக்கி ஆப்பை ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் நல்லாக்கி ஓட்டுங்கள். அடுத்து எண்ணை ஸ்ட்ரிங்காக்கி, பட்டியலைக் காலியாக்கி, டிக்‌ஷனரி இருந்த இடத்தில் பூலியன் வைத்து ஓட்டுங்கள். கையால் செய்யத் தேவையில்லை. இருபது வரியில் ஒரு டெஸ்ட் எழுதினால் அதுவே மாற்றி மாற்றி ஓட்டும். எந்தத் திரை விழுகிறது, எந்தத் திரை பொய் சொல்கிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பில் உங்கள் பேராசிரியர் கேட்பார். நான் அவரிடம் சொல்லிவிட்டேன். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.